விராலிமலை முதல் திருமயம் வரை: வழியோர ஊர்களின் வரலாறும் வழக்காறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பாதை எது? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 30 கி.மீ. வந்தால் விராலிமலை. அங்கிருந்து சற்றுத் தெற்கே கொடும்பாளூரைப் பார்த்துவிட்டுத் திரும்பி, இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் கண்டு, நார்த்தாமலைக்குப் போய், புதுக்கோட்டையில் இளைப்பாறி, காரைக்குடிச் சாலையில் திருமயம் சேர்வதே இங்கே பேசப்படும் பாதை. இந்த ஊர்கள் அனைத்தும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளவை. 1948 வரை தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. ஆற்றுப் பாசனம் அருகிய செம்மண் பூமி இது. வெற்றுப் பாறைக் குன்றுகளும், அவற்றின் அடியில் மழைநீரைப் பிடித்து வைக்கும் கண்மாய்களும், கண்மாய்க் கரையில் அய்யனாரும் என்று ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு குன்றும் வேறொரு நூற்றாண்டைச் சுமந்து நிற்கிறது.

இங்கே பெரும்பாலான இடங்களில் இரண்டு வரலாறுகள் கிடைக்கும். ஒன்று கல்லில் வெட்டப்பட்டது. மற்றது ஊரார் வாயில் வழங்குவது. இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே இந்தப் பக்கத்தை எழுதுகிறவனின் வேண்டுகோள். கல்வெட்டு யார் கட்டினார், யார் நிலம் கொடுத்தார் என்று சொல்லும். அந்தக் கல்லோடு பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அதை என்னவாக நினைத்தார்கள் என்பது கதையில்தான் இருக்கும்.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். சுமார் 200 படிகள் ஏறிப் போனால் ஆறுமுகனாக, மயில்மேல் அமர்ந்த கோலத்தில் முருகன் இருக்கிறார். அவருக்குச் சுருட்டுப் படைப்பது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இதற்கு ஊரார் சொல்லும் காரணம் இது. கருப்பமுத்துப் பிள்ளை என்ற அடியவர் தவறாமல் மலைக்கு வந்து முருகனைத் தரிசிக்கும் வழக்கம் உடையவர். ஒருநாள் கடும் மழையில் ஆற்றில் வெள்ளம் வந்து வழி மறித்துவிட, குளிரில் நடுங்கிக்கொண்டு, புகைக்க ஒரு சுருட்டும் இல்லாமல் கரையில் நின்றார். அப்போது யாரோ ஒருவர் வந்து, சுருட்டும் நெருப்பும் கொடுத்து, ஆற்றைக் கடக்கத் துணையும் செய்தார். சன்னதிக்கு வந்து பார்த்தபோதுதான் வந்தவர் யார் என்பது அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து, தனக்குச் சுருட்டுக் கொடுத்தவருக்குத் தானும் சுருட்டுக் கொடுத்தார் என்பது கதை.

கதையின் விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். ஆனால் வெள்ளம், குளிர், வழித்துணை ஆகிய மூன்றும் மாறுவதில்லை. அருணகிரிநாதரை வயலூரிலிருந்து இங்கு வரச் சொல்லி, வழி தெரியாமல் நின்ற அவருக்கு வேடனாக வந்து முருகன் வழிகாட்டினான் என்ற கதையும் இதே மலைக்கு உண்டு. விராலிமலை முருகன் வழிப்போக்கர்களின் தெய்வம் என்பதை இரண்டு கதைகளும் வேறு வேறு காலத்துக் குரலில் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. காலை இளவெயிலில் போனால் பாறைகளின்மேல் மயில்களைக் காணலாம்.

விராலிமலைக்கும் நாட்டியத்துக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பாதையில் மனத்தை மிகவும் பாதிக்கும் வரலாறு இதுதான் என்பேன். விராலிமலைக் கோயிலில் தேவரடியார்கள் பரதநாட்டியத்தின் முன்னோடியான சதிர் ஆடி வந்தார்கள். விராலிமலைக் குறவஞ்சி இங்கே ஆடப்பட்டது. அந்த மரபில் வந்தவரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டு, அதாவது இறைவன் பணிக்கென்றே நேர்ந்துவிடப்பட்டு, நாள்தோறும் மலையேறி முருகன் முன் பாடி ஆடியவர் அவர்.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க முன்னின்று போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் இதே புதுக்கோட்டையில்தான், 1886இல். அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. அந்த முறை பெண்களுக்குச் செய்த கொடுமையும் உண்மை. அந்தப் பெண்கள் உடம்பில் சுமந்து காப்பாற்றிய கலையும் உண்மை. இரண்டையும் ஒரே மாவட்டத்தின் இரண்டு பெண்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படிகளை ஏறிப் பாருங்கள்.

கொடும்பாளூரில் இரண்டு கோயில்கள்தானே நிற்கின்றன? பிறகு ஏன் மூவர் கோயில்?

மூன்று கட்டப்பட்டன; இரண்டு நிற்கின்றன. நடுக் கோயிலும் தென் கோயிலும் முழு விமானத்தோடு மேற்கு நோக்கி நிற்கின்றன. வடக்கே இருந்த மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அந்த அடித்தளத்தின் அருகே நின்று மற்ற இரண்டையும் பார்த்தால், இல்லாத விமானத்தின் உயரத்தைக் கண் தானாகவே காற்றில் வரைந்துகொள்ளும். சுற்றிலும் இருந்த சிறு பரிவாரக் கோயில்களின் அடித்தளங்களும் புல் நடுவே தெரியும்.

இதைக் கட்டியவன் கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி. நடுக் கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அவன் முன்னோரின் வரிசையைச் சொல்லி, தன் பெயரில் ஒன்றும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரில் இரண்டுமாக மூன்று விமானங்களை எழுப்பினான் என்கிறது. மல்லிகார்ச்சுனர் என்ற, காளாமுகம் எனும் சைவப் பிரிவின் ஆசாரியருக்கு மடம் ஒன்று அளித்து, 50 துறவியருக்கு உணவிட ஏற்பாடு செய்ததையும் அது குறிக்கிறது. அவன் காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியா, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சோழருக்கும் பாண்டியருக்கும் இடையில், இரு படைகளும் கடந்தாக வேண்டிய வழியில் அமைந்த ஊர் இது. வேளிர்கள் சோழர்களுக்குப் பெண் கொடுத்தும் எடுத்தும், அவர்களுக்காகப் போரிட்டும் வாழ்ந்தவர்கள்.

கோவலனும் கண்ணகியும் இந்த வழியாகப் போனார்கள் என்கிறார்களே?

உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் விவரிக்கிறான். கொடும்பை என்னும் ஊரின் பெரிய குளக்கரையை அடைந்தால், சிவபெருமான் ஏந்திய சூலம்போல வழி மூன்றாகக் கிளைக்கும் என்பது அவன் சொல்லும் குறிப்பு. கொடும்பை என்பது கொடும்பாளூரே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். காப்பியத்தை நாள்குறித்த வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் ஒரு புலவன் வழி சொல்லும்போது குளத்தை அடையாளமாகச் சொல்கிறான் என்பது கவனிக்கத் தக்கது. இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வழி கேட்டால், "நேராப் போங்க, கம்மாக்கரை வரும், அதுலேருந்து மேக்கே திரும்புங்க" என்றுதான் சொல்வார்கள்.

இடங்கழி நாயனார் இந்த ஊரினரா?

ஆம். பெரியபுராணம் அவரைக் கொடும்பாளூரில் இருந்து ஆண்ட வேளிர் குலத்தவர் என்கிறது. சிவனடியார்களுக்கு அமுதளிப்பதையே தொண்டாகக் கொண்ட ஒருவர், கையில் பொருள் தீர்ந்துபோய், இரவில் அரசனின் நெற்பண்டாரத்தில் புகுந்து நெல் எடுக்கும்போது பிடிபட்டார். காரணத்தைக் கேட்ட இடங்கழியார், இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று மனம் கசிந்து, அடியார்கள் வேண்டிய நெல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார். மழையை நம்பிய ஒரு நாட்டில் நெல் பண்டாரம் என்பது எத்தனை பெரிய சொத்து என்று அறிந்தவர்களுக்கே அந்தப் பறையொலியின் பெருமை முழுதாகப் புரியும்.

இலுப்பூரிலும் அன்னவாசலிலும் நிற்க வேண்டுமா?

தேநீருக்கும் உணவுக்கும் நில்லுங்கள். தண்ணீர்க் குப்பிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். அன்னவாசலைச் சுற்றியுள்ள பொட்டல்களில் பெருங்கற்கால ஈமச் சின்னங்களான கல்வட்டங்கள் பல உண்டு. அவை வெறும் கற்குவியல்போலவே தெரியும். கால் வைத்துக் கலைத்துவிட வேண்டாம்.

சித்தன்னவாசலில் ஓவியம் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. பெரும்பாலோர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஓவியத்தைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய பகுதி குன்றின் மேலே இருக்கிறது. அதற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். பாறைச் சரிவில் காலூன்றி இறங்க ஏழு குழிகள் வெட்டப்பட்டிருப்பதால் வந்த பெயர் அது. இப்போது கம்பித் தடுப்பு இருப்பதால் அச்சமின்றிப் போகலாம். அங்கே இயற்கையான குகைத்தளம் ஒன்றில் சமணத் துறவியருக்கான 17 கற்படுக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆள் படுக்கும் அளவு. தலைப்பக்கம் தலையணைபோல் மேடாக விடப்பட்டிருக்கிறது.

அவற்றுள் பழைமையானதன் ஓரத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் சாரம். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய எழுத்து என்பார்கள். சித்திரை மாதத்து முற்பகலில் நான் போயிருந்தபோது வெளிப்பாறை உள்ளங்காலைச் சுட்டது; உள்ளே அந்தக் கல் தலையணையில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தேய்ந்த வழவழப்பு அது. மேலே நின்று கிழக்கே பார்த்தால் வயலும் கண்மாயும் பனைகளுமாக நிலம் விரிந்து கிடக்கும். துறவி ஒருவர் உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் தேர்ந்தெடுத்த கடைசிக் காட்சியாக அது இருந்திருக்கக் கூடும்.

அந்த ஓவியங்களை வரையச் செய்தவர் யார்? மகேந்திரவர்மப் பல்லவனா?

முதலில் அப்படித்தான் கருதப்பட்டது. பழைய பாடநூல்களில் படித்தவர்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள். ஓவியங்கள் இருக்கும் சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் முன்புறம் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் படித்த பிறகு நிலைமை மாறியது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்த அறிவர் கோயிலைப் புதுப்பித்தார் என்று அது கூறுகிறது. குடைவரை அதற்கும் முந்தையது. இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி இந்தப் புதுப்பித்தலைச் சேர்ந்தது என்பதே இப்போது பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை. மீன், அன்னம், எருமை, யானை எல்லாம் அதில் உலவ, பூப்பறிக்கும் மனிதர்களும் இறங்கியிருக்கிறார்கள். தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் நல்லுயிர்கள் கடந்து செல்லும் நீர்நிலையைக் குறிப்பது இது என்று சமண மரபில் விளக்கம் உண்டு. தூண்களில் ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசி என்று கருதப்படும் உருவங்களும் உள்ளன. ஓவியம் நிறையச் சிதைந்துவிட்டது. கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால், முதலில் தெரியாத தாமரை மொட்டு ஒன்று பிறகு தெரியவரும். உள்ளறையில் மெல்ல "ம்" என்று ஓசை எழுப்பினால் அறை முழுவதும் அதிரும். பலர் அதைக் கேட்க உரக்கக் கத்துகிறார்கள், அது தேவையில்லை.

முன்மண்டபத்துத் தூண்களைப் பழையவை என்று எண்ணிவிடுவது இயல்பு. தூண்கள் பழையவைதாம்; ஆனால் இந்த இடத்துக்கு உரியவை அல்ல. புதுக்கோட்டைச் சமஸ்தானக் காலத்தில், 20ஆம் நூற்றாண்டில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை.

சித்தன்னவாசல் என்ற பெயருக்குச் சிற்றண்ணல் வாயில் என்பது மூலம் என்று விளக்குவார்கள். குன்றின்மேல் நவச்சுனை என்ற சுனை ஒன்று உண்டு. அதன் நீருக்குள் சிவலிங்கத்தோடு சிறு குடைவரை மூழ்கிக் கிடக்கிறது; நீரை இறைத்தால் மட்டுமே தெரியும்.

குடுமியான்மலை என்ற பெயர் எப்படி வந்தது?

ஊர்க்கதை சுவையானது. கோயில் அர்ச்சகர் ஒருவர் சுவாமிக்கு உரிய பூவைத் தன் காதலிக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரசன் தரிசனத்துக்கு வந்துவிட்டான். அவசரத்தில் அதே பூவை வாங்கிச் சுவாமிக்குச் சாத்திப் பிரசாதமாக அரசன் கையில் கொடுக்க, அதில் நீண்ட தலைமயிர் ஒன்று இருந்தது. இது எப்படி வந்தது என்று அரசன் கேட்க, உயிருக்கு அஞ்சிய அர்ச்சகர், சுவாமிக்குக் குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார். காட்டு என்றான் அரசன். அடியவன் பொய்யனாகாதபடி சிவன் தன் லிங்கத்தில் குடுமியைக் காட்டினார். ஆகவே அவர் குடுமியார், வடமொழியில் சிகாநாதர்.

சொல்லின் வழியே போனால் வேறு பொருளும் கிடைக்கும். குடுமி என்பதற்கு மலையுச்சி என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. காளத்தி மலைமேல் உள்ள இறைவனைப் பெரியபுராணம் குடுமித் தேவர் என்றே அழைக்கிறது. இந்த ஊரின் பழைய பெயர் திருநலக்குன்றம் என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன. எனவே, உச்சியில் உறையும் இறைவன் என்ற பொருளில் எழுந்த பெயருக்குப் பிற்காலத்தார் தலைமயிர்க் குடுமியாகக் கதை கண்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அதனால் கதைக்கு மதிப்புக் குறைந்துவிடாது. தவறு செய்த அடியவனையும் கைவிடாத கடவுள் ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது.

அங்கே உள்ள இசைக் கல்வெட்டை யாராவது பாடிக் காட்ட முடியுமா?

முழுமையாக, ஐயமின்றிப் பாடிக் காட்ட இயலாது. மேலைக்கோயில் எனப்படும் குடைவரையின் பக்கத்துப் பாறையில், பெரிய கரும்பலகையைப்போலச் செதுக்கிச் சமன்செய்த பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் சுரக் கோவைகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் கிராம ராகம் எனப்படும் பண்டைய ராக வகை ஒன்றுக்கு உரியது. எழுத்தமைதியை வைத்து 7ஆம் நூற்றாண்டு என்பார்கள். 1904இல் இது அறிஞர் கவனத்துக்கு வந்தது.

உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனாகிய அரசன் ஒருவன் மாணவர் நலம் கருதி இதை ஆக்கினான் என்ற குறிப்பு இறுதியில் வருகிறது. அரசன் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்று பலர் எழுதினார்கள், அது உறுதியானதன்று. வடமொழிப் பகுதிக்குக் கீழே, "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்ற தமிழ்த் தொடரும் இருக்கிறது. நரம்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பதாகப் பலர் கொள்கிறார்கள். பரிவாதினி என்ற வீணைவகையின் பெயர் திருமயத்திலும் பாறையில் இருப்பதால், இந்த வட்டாரத்தில் இசைக்கல்வி ஓரிடத்தில் மட்டும் நடந்ததன்று என்று தெரிகிறது. சுரங்கள் ச, சி, சு, செ என்று உயிர்மாறி வருவது ஏன் என்பதை இசையறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

பாறையில் பாடம் எழுதி வைத்த ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். மாலைவெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நிழல் பிடித்துத் தெளிவாகத் தெரியும். உச்சிவேளையில் ஒன்றும் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் குன்றின் மேற்பகுதியில் காளைமேல் அமர்ந்த சிவபார்வதியும் இருபுறமும் நாயன்மார்களும் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக நிற்பதையும் காணலாம்.

நார்த்தாமலையில் உள்ள விஜயாலய சோழீச்சரத்தை விஜயாலயன்தான் கட்டினானா?

பெயர் அப்படிச் சொல்கிறது. கல்வெட்டு வேறு சொல்கிறது. இளங்கோவதியரையன் என்ற பட்டம் கொண்ட சாத்தன் பூதி இதை எடுப்பித்தான். மழையால் இடிந்துபோக, தென்னவன் தமிழதியரையன் என்ற பட்டம் பெற்ற மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று வாயிற்காவலர் சிலையின் அடியில் உள்ள கல்வெட்டு கூறுகிறது. முத்தரையர் மரபினர் கட்டியது என்பதே இதனால் பெறப்படும் முடிவு. சோழர் எழுச்சி பெற்ற காலத்தை ஒட்டியது என்பதில் பெரிய மறுப்பில்லை. மறைந்துபோன சிறிய மரபு ஒன்றின் பெயரைப் பேரரசின் பெயர் மூடிவிட்டது. இந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் சாத்தன் பூதியின் பெயரை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

வெளியே சதுரமான கட்டுமானம். உள்ளே கருவறை வட்டம். மேற்கு நோக்கிய வாயிலின் எதிரே அகலப் பாறைச் சரிவு. சுற்றிலும் சிறு கோயில்கள் ஆறு எஞ்சியுள்ளன. எதிர்ப் பாறையில் இரண்டு குடைவரைகள்: ஒன்று பழியிலி ஈச்சரம், மற்றது திருமாலின் 12 உருவங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசையாக நிற்கும் குகை. இந்த இரண்டாவதை ஊரார் சமணர் குடகு என்கிறார்கள். முன்பு சமணருக்கு உரியதாக இருந்து பின்னர் திருமால் கோயிலானது என்பதை அந்தப் பெயரே நினைவில் வைத்திருக்கிறது.

அங்குள்ள குன்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டா?

ஒன்பது குன்றுகளின் பெயரை ஊர்ப் பெரியவர்கள் ஒப்பிப்பார்கள்: மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையன்மலை, உவக்கன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை, மண்மலை, பொன்மலை. குற்றவாளிகளை உருட்டிவிட்ட இடம் என்று ஆளுருட்டிமலைக்குக் காரணம் சொல்வார்கள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறிய துண்டுகளே இவை, ஆகவே மூலிகை மிகுதி என்பது மற்றொரு வழக்கு. ஊரின் பெயரை நாரதரோடு சேர்ப்பாரும் உண்டு. வணிகர்களான நகரத்தாரின் மலை, நகரத்தார்மலை என்பதே மருவியது என்ற விளக்கம் கல்வெட்டுகளோடு பொருந்துகிறது; இந்த ஊர் வணிகக் குழுக்களின் நகரமாக இருந்தது. ஆனால் மாவட்டத்து மக்களுக்கு நார்த்தாமலை என்றால் முதலில் முத்துமாரியம்மன்தான். பங்குனித் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரமே திரண்டு வரும். அந்த நாள்களில் குடைவரை காணப் போவதைத் தவிர்த்து, தேர் பாருங்கள்.

சாலையோரத்து மண்குதிரைகளை யார் செய்கிறார்கள்?

வேளார் எனப்படும் மட்பாண்டக் கலைஞர்கள். அவர்களில் பலர் அய்யனார் கோயில்களில் பூசாரிகளும்கூட. குதிரை வேண்டும் என்று ஊர் முடிவு செய்தால், முதலில் ஒரு கைப்பிடி மண்ணெடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்று அதற்குப் பெயர். அந்த மண்ணைச் சேர்த்துப் பிசைந்து, உடலைப் பகுதி பகுதியாக வனைந்து, சூளையிட்டு, வண்ணம் பூசி முடித்ததும், ஊர்கூடித் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவது புரவியெடுப்பு. கைகால் உடைந்து மண்ணோடு மண்ணாகிக் கிடக்கும் பழைய குதிரைகளைக் கேட்பாரற்றவை என்று எண்ணாதீர்கள். சாமிக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அவை அங்கேயே கரைய வேண்டும். துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்வதை ஊரார் மிகுந்த வருத்தத்தோடு பார்ப்பார்கள்.

கண்மாயும் ஊருணியும் ஒன்றா?

அல்ல. ஊருணி ஊரார் குடிக்கும் நீருக்கு, கண்மாய் வயலுக்கு. கண்மாயின் மிகைநீர் வழிந்தோடும் இடம் கலுங்கு; நீர் திறக்கும் வாய் மடை. கண்மாயின் உள்ளே இரண்டு உயரமான கற்கால்கள் நட்டு, அவற்றின் நடுவே குழியடைப்பை மேலிழுத்துத் திறக்கும் அமைப்பைக் குமிழி என்பார்கள். இந்த மாவட்டத்தில் குமிழிக் கால்களில் அதைச் செய்தளித்தவர் பெயரோடு பழைய கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. கோயிலுக்கு நிலம் கொடுத்தவனுக்குக் கிடைத்த அதே கல்வெட்டு மரியாதை மடை செய்து கொடுத்தவனுக்கும் கிடைத்திருக்கிறது. கோடையில் நீர் வற்றிய கண்மாயின் நடுவே அந்தக் கால்கள் தனியே நிற்பதைப் பார்த்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள்.

"அம்மஞ்சல்லி பெறாது" என்ற சொல்லுக்கும் புதுக்கோட்டைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே சொல்வார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தனக்கென்று அச்சிட்ட சிறு செப்புக் காசு அம்மன் காசு; அம்மன் சல்லி, அம்மஞ்சல்லி என்பதும் அதுவே. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் "விஜய" என்ற சொல். 20 அம்மன் காசு சேர்ந்தால் ஓரணா. இத்தனை சிறிய காசுகூடப் பெறாது என்பதே அந்த வசவின் பொருள். ஆனால் ஏழைக்கு அது சிறிய காசு அல்ல. நவராத்திரியில் அரசர் அரிசியோடு இந்தக் காசையும் தானமாக வழங்கும் வழக்கம் இருந்தது.

காணாமல் போன பொருள் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் அரைக்காசு அம்மன் இந்தப் பிரகதாம்பாளே. நகைப்பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு எங்கள் அப்பத்தா கண்ணை மூடி "அரைக்காசம்மா" என்று முணுமுணுத்த குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதே திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தக் காசைக் கையளவு தூரத்தில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த ஊர் என்று புதுக்கோட்டையைச் சொல்வது நியாயமா?

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியை இழந்து வடக்கே வந்த வீரபாண்டிய கட்டபொம்மன், சமஸ்தானத்து எல்லைக்குள் திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனியின் நட்பை நம்பி வாழ்ந்த அரசு ஒன்றின் முடிவு அது. கண்மாய் வெட்டியும் மானாவாரி விதைத்தும் வாழ்ந்த மக்கள் அந்த முடிவில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து இன்றும் அந்தச் சொல்லை வீசுவது நியாயமன்று என்று உறுதியாக நம்புகிறேன். அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 முதல் புதுக்கோட்டை தனி மாவட்டம்.

திருமயம் கோட்டையை ஊமையன் கோட்டை என்கிறார்களே?

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே பதுங்கியிருந்தார் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். கோட்டை அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தையது. 1687இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது என்பது வரலாறு. அண்ணன் பிடிபட்ட நாட்டிலேயே தம்பிக்கு ஒரு கோட்டையை மக்கள் கொடுத்திருக்கிறார்கள். முன் கேள்விக்கு ஊரார் அளித்த பதிலாகவே இந்தப் பெயரை நான் படிக்கிறேன்.

குன்றின் உச்சியில் பீரங்கி ஒன்று இருக்கிறது. பாதி வழியில், ஏணியில் ஏறிப் பார்க்கும்படி செங்குத்துப் பாறையில் குடைந்த சிறு சிவன் கோயில் உண்டு. குன்றின் தென் அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர் கோயிலும், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டுமே குடைவரைகள். பெருமாள் பாம்பணையில் நீண்டு கிடக்க, அவரைத் தாக்க வந்த மது, கைடபர் என்னும் அசுரர்களை ஆதிசேடன் நஞ்சுமிழ்ந்து விரட்டும் காட்சி பின்சுவரில் இருக்கிறது. தேச விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊர் இது. அவர் பெயர் இந்தப் பெருமாளின் பெயர்.

இரு கோயிலாரும் சண்டையிட்டார்களா?

நிலத்துக்காகவும் வருவாய்க்காகவும் நீண்டகால வழக்கு இருந்தது. 1245இல், ஹொய்சளப் படைத்தலைவன் அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் சுற்றுநாட்டுப் பிரதிநிதிகள் கூடி, பங்கீட்டைப் பேசி முடித்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கன்னட நாட்டுத் தளபதி ஒருவன் இரண்டு தமிழ்க் கோயில்களின் வழக்கைத் தீர்த்து வைத்த ஆவணம் அது.

எத்தனை நாள் வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு நாள். முதல் நாள் சித்தன்னவாசல் வரை, மறுநாள் மீதி. மாசி, பங்குனி தொடங்கினால் பாறைகளில் செருப்பின்றி நிற்க முடியாது. மார்கழியும் தையும் நல்லவை. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும். தொல்லியல் துறையின் காவலாளிகள் பூட்டிய குகைகளைத் திறந்து காட்டுவார்கள். அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

திருமயத்துக்கு அப்பால்?

காரைக்குடிச் சாலை செட்டிநாட்டுக்குள் போகிறது. அது வேறு கதை. கிளம்பும் முன், கோட்டையின் வெளிமதிலை ஒட்டிச் சாலையைப் பார்த்தபடி இருக்கும் கோட்டை பைரவர் முன் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்துவதைக் காண்பீர்கள். இறங்கி, ஒரு தேங்காயை விடலை போட்டுவிட்டு, சிதறிய சில்லைப் பொறுக்கும் பிள்ளைகளுக்கு வழிவிட்டு, மீண்டும் வண்டியை எடுப்பார்கள்.